துணிக்கொடியில் தொங்கிய உண்மைகள்!
மெக்சிகோ பெண்களின் புதுமைக் கிளர்ச்சி

துணி காயப்போடும் கொடி எல்லோர் வீட்டிலும் உண்டு. அந்தக் கொடியே ஒரு நாட்டுப் பெண்களுக்குப் பேசும் வாயாக அமைந்தது. அந்த நாடு, மெக்சிகோ.

1978-ம் ஆண்டு. தலைநகரான மெக்சிகோ நகரத்தின் நவீன கலைக் காட்சிசாலையில் ஒரு கண்காட்சி நடந்தது. மோனிகா மேயர் என்ற இளம் பெண் கலைஞரும் அதில் கலந்துகொண்டார். அவர் படம் எதுவும் வரைந்து வைக்கவில்லை. துணிக்கொடி கட்டினார். ரோஜா நிறக் காகிதச் சீட்டுகளை அதில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்.

சீட்டில் என்ன இருந்தது?

பெண் என்ற முறையில் இந்த நகரத்தில் மிகவும் பிடிக்காதது எது? இதுதான் கேள்வி. பல வயதுப் பெண்கள், பல தொழில் செய்யும் பெண்கள், சுமார் 800 பேர் பதில் எழுதினார்கள்.

பலருடைய குறை ஒன்றாகவே இருந்தது. தெருவில் நடந்தால் கேலி. பஸ்சில் ஏறினால் தொல்லை.

பார்க்க வந்த பெண்களும் சும்மா போகவில்லை. தாங்களும் எழுதிக் கொடியில் சேர்த்தார்கள்!

கொடிக்கு என்ன பலம்?

ஒரு பெண் தனியாக முறையிட்டால், "அந்த நேரத்தில் நீ ஏன் அங்கே போனாய்?" என்று அவளையே திருப்பிக் கேட்பார்கள். நூற்றுக்கணக்கான சீட்டுகள் வரிசையாகத் தொங்கினால் அப்படிக் கேட்க முடியாது. குறை அவளிடம் இல்லை, ஊரில் இருக்கிறது என்பது பார்த்தவுடனே விளங்கிவிடும்.

செலவும் அதிகம் இல்லை. கயிறு, காகிதம், பென்சில் போதும். பெரிய படிப்பும் தேவை இல்லை. ஒரு வரி எழுதத் தெரிந்தால் போதும்.

2016-ம் ஆண்டில், அதே நகரத்தில் தேசிய பல்கலைக்கழகத்தின் கலைக் காட்சிசாலையில் மோனிகா மேயர் மீண்டும் கொடி கட்டினார். 38 ஆண்டுகள் கழிந்தும் எழுதுவதற்குப் பெண்களிடம் குறை இருந்தது!

கல்லூரிக்கு வந்த கொடி

பின்னர் மாணவிகள் தாங்களே கல்லூரிகளில் கொடி கட்டினார்கள். தொல்லை கொடுத்த ஆசிரியர், மாணவர் பெயர்களையே சீட்டில் எழுதினார்கள். தேசிய பல்கலைக்கழகத்தில் கிளர்ச்சி மூண்டது. 2019 நவம்பரில் மாணவிகள் ஒரு கல்லூரிக் கட்டிடத்தையே பிடித்துக்கொண்டார்கள். 2020 பிப்ரவரியில் பல்கலைக்கழகம் தன் சட்டத்தைத் திருத்தியது. பெண்களுக்கு எதிரான கொடுமை கடுமையான குற்றம் என்று அதில் சேர்த்தது.

பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கொடுக்காத தகப்பன்மாரின் படங்களும் கொடியில் ஏறின. 2023-ல் நாட்டின் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. ஜீவனாம்ச பாக்கிக்காரர்களும், பெண்களைக் கொடுமை செய்து தண்டனை பெற்றவர்களும் அரசாங்கப் பதவி வகிக்க முடியாது!

இவை எல்லாம் கொடியால் மட்டுமே நடந்தவை அல்ல. ஊர்வலம், வேலைநிறுத்தம், வழக்கு எல்லாம் சேர்ந்தே நடந்தன. ஆனால் வாய் திறக்கப் பயந்தவர்களுக்குக் கொடி தைரியம் கொடுத்தது.

பெயர் போடலாமா?

இதில் ஒரு சிக்கலும் உண்டு. விசாரணை இல்லாமல் ஒருவர் பெயரைத் தொங்கவிடுவது நியாயமா என்று சிலர் கேட்கிறார்கள். தவறான பெயர் ஏறிவிட்டால் ஒரு குடும்பத்தின் மானமே போய்விடும். இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

மாணவிகள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மனு கொடுத்தோம், யாரும் கேட்கவில்லை, அதனால்தான் கொடிக்கு வந்தோம் என்கிறார்கள்.

சீட்டு, தீர்ப்பு அல்ல. அது ஒரு முறையீடு. அதை எடுத்துப் படித்து, இரு தரப்பையும் விசாரித்து, முடிவு சொல்வது மேலிடத்தின் கடமை. அந்தக் கடமை ஒழுங்காக நடந்தால், பெயர் எழுதிய சீட்டுகள் தாமாகவே குறைந்துவிடும். பிறகு கொடியில் துணி மட்டும் காயும்!