பம்புக் கொட்டகைக்கு மின்கம்பி செல்லும் வழி

1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், கோயம்புத்தூர்ப் பகுதியில் கவலை இறைத்துவந்த கிணறுகளுக்கு மின்சாரப் பம்புகள் படிப்படியாக வந்து சேர்ந்தன. அவை பிற ஜில்லாக்களிலும் பரவி நெடுங்காலமாயிற்று. ஆயினும், மீட்டரிலிருந்து பம்புக் கொட்டகைக்குக் கம்பி எவ்வழியே செல்லவேண்டும் என்பதைக் குடியானவர்கள் பலர் ஆலோசிப்பதேயில்லை. மீட்டருக்கு அப்பாலுள்ள கம்பி நிலச்சொந்தக்காரரின் பொறுப்பு. எனவே, அவ்வழியைத் தேர்ந்தெடுப்பதும் அவரையே சார்ந்தது.

வயலின் குறுக்கே நேராக இழுப்பது சிக்கனம் என்பது பொதுவான எண்ணம். 300 அடி அகலமும் 400 அடி நீளமும் உள்ள ஒரு வயலில் மூலைக்கு மூலை 500 அடி. வரப்போரமாய்ச் சென்றால் 700 அடி. இந்த 200 அடியை மிச்சப்படுத்துவதற்காகவே வயல் நடுவே மூங்கில் கழிகள் நடப்படுகின்றன. கழி உளுத்துச் சாய்கிறது, கம்பி தொய்கிறது. உறையில்லாத கம்பி தெருவல்லாத இடங்களிலும் தரைக்குமேல் 4.6 மீட்டருக்கு, அதாவது சுமார் 15 அடிக்குக் குறையாமல் இருக்கவேண்டுமென்பது விதி. மூங்கிலை நம்பி இவ்வுயரத்தைக் காப்பது இயலாது. வைக்கோற்பாரம் ஏற்றிய வண்டியும், அறுவடை இயந்திரத்தின் நெல் கொட்டும் குழாயும் கம்பியில் பட அதிக நேரம் வேண்டியதில்லை. அறுந்த கம்பி நீர் நின்ற நடவு வயலில் கிடக்குமாயின், இருட்டில் மடை திருப்பச் செல்பவருக்கு அது தெரியப்போவதில்லை. 200 அடிக் கம்பியின் விலையை இதனோடு ஒப்பிடுவது எவ்விதத்திலும் பொருந்தாது.

வழி நீண்டால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறிக் கருகும் என்று சிலர் ஆட்சேபிப்பர். இது நியாயமான ஆட்சேபமே. 500 அடி 700 அடியானால் அழுத்த இழப்பும் 1.4 மடங்காகும். ஆனால் 10 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பிக்குப் பதிலாக 16 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால், இழப்பு முன்னிருந்ததைவிடவும் குறைந்துவிடும். ஆகவே பருமனில் சிக்கனம் பார்ப்பதும் தவறு.

வரப்போரமாய்ப் புதைத்த கேபிளே சாலச் சிறந்தது. எஃகுக் கவசமிட்ட கேபிளை இரண்டரை அடி ஆழத்தில், கீழும் மேலும் மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் அடுக்கி மூடவேண்டும். உளிக்கலப்பைகூட ஏறக்குறைய ஒன்றரை அடிக்குமேல் இறங்குவதில்லை. வரப்போரம் என்பதற்கு வரப்பினுள் என்று பொருளன்று. வரப்பு போகந்தோறும் மண்வெட்டியால் செதுக்கப்படுவது. எலியும் நண்டும் வளை தோண்டுவதும் அங்கேதான். அடிவரப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் புதைத்தல் நலம். இடையில் ஒட்டுப் போடாத ஒரே நீளக் கேபிளாக வாங்குவது உத்தமம். தென்னைமரத்தில் ஆணியடித்துக் கம்பியைக் கட்டும் வழக்கம் பல தோப்புகளில் உண்டு. காற்றில் மரம் ஆட ஆட உறை தேய்ந்துபோகும். அதை அறவே விட்டுவிடவேண்டும்.

அடுத்தவர் பட்டா நிலத்தின் வழியாகச் செல்ல நேர்ந்தால், வாய்ப்பேச்சு போதாது. எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். தகப்பன்மார் காலத்துச் சிநேகம் பாகப்பிரிவினைக்குப்பின் நிலைப்பது அரிது. இவ்விஷயத்தில் கிராம அதிகாரிகள் ஓர் உபகாரம் செய்யலாம். புலப்பட நகலொன்றில் கேபிள் செல்லும் கோட்டையும், மூலைகளில் நட்ட அடையாளக் கற்களையும் குறித்து வைத்துக்கொள்ளும்படி நிலமுடையோரைத் தூண்டலாம். நிலம் கைமாறும்போது அந்நகலும் பத்திரத்தோடு புதியவரிடம் சேரவேண்டும்; இல்லையேல், வாய்க்கால் வெட்ட வரும் மண்வெட்டும் இயந்திரமே கேபிள் இருக்குமிடத்தை அவருக்கு முதலில் காட்டும்.