சுழல் படிக்கட்டின் மீது சுமத்தப்படும் பழி

சுழல் படிக்கட்டுள்ள வீட்டில் செல்வம் தங்காது. அது வீட்டின் நடுவில் அமைந்துவிட்டாலோ வீட்டாரை நோய் விடாது. பெங்சுயி என்ற பெயரில் தமிழில் வெளிவரும் நூல்களிலும், வார இதழ்களின் வீட்டலங்காரப் பக்கங்களிலும், தொலைக்காட்சியின் காலைநேர நிகழ்ச்சிகளிலும் இந்தத் தீர்ப்புத் திரும்பத் திரும்ப வழங்கப்பட்டு வருகிறது. காரணமும் கூறப்படுகிறது. சுழல் படிக்கட்டானது வைன் போத்தலின் தக்கையைத் திருகி இழுக்கும் கருவியைப் போன்றதாம். அது வீட்டின் இதயத்தைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறதாம். படிகளுக்கிடையேயுள்ள வெளியினூடாக 'ச்சி' எனப்படும் உயிராற்றல் ஒழுகிப் போய்விடுகிறதாம்.

அந்த உவமையையே முதலில் எடுத்துக்கொள்வோம். தக்கைத் திருகி ஐரோப்பியரின் கருவி. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதைப் பற்றிய பேச்சு எழுகிறது. 1795இல் சாமுவேல் ஹென்ஷல் என்ற ஆங்கிலப் பாதிரியார் அதற்குக் காப்புரிமை பெற்றார். பல்லாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த சீன ஞானம் என்று நமக்கு விற்கப்படுகின்ற ஒன்று, தன் தீர்ப்புக்கு ஆங்கிலேயரின் மதுபானக் கருவியைச் சாட்சிக்கு அழைப்பது விந்தையல்லவா?

பெங்சுயியின் மூலநூல்களுள் ஒன்றாகக் கருதப்படும் 'சாங்ஷு', குவோ பு (276-324) என்ற அறிஞரின் பெயரால் வழங்குவது. அது வீடு கட்டுவது பற்றிய நூலன்று. இறந்தோரை எத்தகைய நிலத்தில் அடக்கம் செய்தால் சந்ததியினருக்கு நன்மை விளையும் என்பதே அதன் பொருள். மலை எங்கே நிற்கிறது, நீர் எப்படி ஓடுகிறது, காற்று எங்கே அடங்குகிறது என்பவையே அதன் அக்கறைகள். வட சீனத்தின் பழைய முற்றவீடுகளோ பெரும்பாலும் ஒற்றைத் தளமுடையவை. அவற்றில் மாடிப்படி என்ற பிரச்சினைக்கே இடமில்லை. சீனர் சுழல் படியை அறியாதோரும் அல்லர். 12ஆம் நூற்றாண்டில் மீளக் கட்டப்பட்ட ஹாங்சோ நகரின் லியூஹே அடுக்குக் கோபுரத்தினுள் சுழன்று ஏறும் படிகள் இருக்கின்றன.

நம் கைக்கு வந்து சேர்ந்த பெங்சுயி வேறு. அதன் பெரும்பகுதி 1980களுக்குப் பின்னர் ஆங்கிலத்தில் உருப்பெற்றது. கலிபோர்னியாவில் குடியேறிய லின் யுன் (1932-2010) திசைகாட்டியைக்கூட ஒதுக்கிவிட்டு, வாசலை அடிப்படையாகக் கொண்ட எளிய முறையொன்றைப் பரப்பினார். மலேசியாவின் லிலியன் டூ 1990களில் எழுதிக் குவித்த நூல்கள் உலகெங்கும் விற்பனையாயின. அவற்றின் சாரம் சென்னை வழியாகத் தமிழாகி, கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் வந்தது. மனையடி சாத்திரத்தையும் வாஸ்துவையும் கொண்டு படிகளின் எண்ணிக்கையை 'லாபம், நட்டம்' என்று எண்ணிக்கொண்டிருந்த நமக்கு இன்னுமொரு சாத்திரம் தேவைப்பட்டது போலும்.

சரி, அவர்களுடைய விதிகளைக் கொண்டே அவர்களை விசாரிப்போம். நல்ல ஆற்றல் வளைந்து நெளிந்து செல்லும், நேர்கோட்டில் விரைவது நச்சம்பு என்பது பெங்சுயியின் பாலபாடம். அப்படியானால் வளைந்து ஏறும் படிக்கட்டை அவர்கள் கொண்டாடியிருக்க வேண்டும். இல்லை, அது துளையிடும் என்கிறார்கள். நேரான படிக்கட்டு? அது வாசலைப் பார்த்திருந்தால் செல்வம் உருண்டோடி வெளியே போய்விடும் என்கிறார்கள். வளைந்தாலும் குற்றம், நிமிர்ந்தாலும் குற்றம். எந்தப் படியைக் கட்டினாலும் பரிகாரம் ஒன்று வாங்கியே ஆகவேண்டும் என்பதில் மட்டும் இந்தச் சாத்திரத்துக்குக் குழப்பமே கிடையாது.

இதில் அதிகம் அடிபடுவோர் சிறிய வீட்டுக்காரர். கொழும்பில் 2 பேர்ச் நிலம் என்றால் ஏறத்தாழ 544 சதுர அடி. அதில் வீடு கட்டி, மகளுக்குத் திருமணமானதும் மேலே ஒரு தளத்தை எழுப்புகின்றவர் படிக்கட்டை எங்கே வைப்பார்? 10 அடி உயரத்துக்கு வசதியாக ஏறத்தக்க நேர்ப்படி என்றால் 15 மிதிபடிகள் வேண்டும். ஒவ்வொன்றும் 10 அங்குலம் எனக் கொண்டால் 12½ அடி நீளம்; 3 அடி அகலம் வைத்தால் 38 சதுர அடி போய்விடுகிறது. 5 அடி விட்டமுள்ள இரும்புச் சுழல் படியோ 25 சதுர அடிக்குள் அடங்கிவிடும். வெல்டிங் கடையில் செய்வித்து ஒரே நாளில் நிறுத்தியும் விடலாம். லண்டனின் ஒடுங்கிய தொடர்வீடுகளில் கூரைக்கடியில் ஓர் அறை சேர்க்கும் நம்மவர் சிலர் இதே படியை நாடுவதும் இதே இட நெருக்கடியால்தான். 'வீட்டின் நடுவில் வைக்காதீர்' என்பது பங்களாவாசிக்குச் சொல்லத்தக்க புத்திமதி. பங்களாவில் மூலை உண்டு. 544 சதுர அடியில் எந்த மூலையும் நடுவுக்குப் பக்கந்தான்.

(கல்கத்தாவின் பழைய மாளிகைகளின் பின்புறத்தில் இரும்புச் சுழல் படிகளைக் காணலாம். மலவாளி சுமந்த தொழிலாளர் வீட்டினுள் நுழையாமல் மேல்தளக் கழிவறையை அடைவதற்காக அமைக்கப்பட்டவை அவை. அந்தப் படிகளில் ஏறி இறங்கியோரின் உயிராற்றலைப் பற்றி எந்த நிபுணரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.)

சுழல் படிக்கட்டு குற்றமற்றது என்று நான் வாதாட வரவில்லை. அதன் குற்றம் கண்ணுக்குத் தெரிவது, அளக்கக்கூடியது. 5 அடி விட்டமுள்ள படியில் ஒரு சுற்றுக்கு 12 மிதிபடிகள் என்றால், வெளிவிளிம்பில் மிதிபடியின் ஆழம் 15 அங்குலத்துக்கு மேல். நடுத்தூணருகே அது ஓரிரு அங்குலமாகச் சுருங்கிவிடும். ஒரு மனிதரின் பாதம் ஏறத்தாழ 10 அங்குலம். உட்புறமாக இறங்குபவரின் குதிகால் மட்டுமே படியில் பதிகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் வீட்டு நிர்மாண விதிக்கோவை சுழல் படிக்கு 26 அங்குல அகலத்தையும், ஒடுங்கிய பக்கத்திலிருந்து 12 அங்குலத் தொலைவில் 6¾ அங்குல ஆழத்தையும், 9½ அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தையும் விதிக்கிறது. இவை குறைந்தபட்ச அளவுகள். சாதாரண மாடிப்படிக்கு அதே கோவை விதிப்பது 36 அங்குல அகலம், 10 அங்குல ஆழம், 7¾ அங்குலத்துக்கு மேற்படாத உயரம். இரண்டையும் ஒப்பிட்டால் முழங்கால் வலியுள்ள முதியவருக்கு எது துன்பம் என்பது விளங்கும். மேலே நோயாளியொருவர் மயங்கி விழுந்தால் அவரை எப்படிக் கீழே கொண்டுவருவது? அலுமாரியைக் கயிறு கட்டி யன்னல் வழியாக இறக்கலாம். மனிதரை அவ்வாறு இறக்க முடியுமா?

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, தவறி விழுவதால் உலகில் ஆண்டுதோறும் 684,000 பேர் உயிரிழக்கின்றனர். எல்லாம் படிக்கட்டு மரணங்கள் அல்ல. ஆயினும் 60 வயதைத் தாண்டியோரே இதில் அதிகம் என்பதைப் பெற்றோரை மேல்மாடியில் படுக்கவைக்கும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இனிப் பரிகாரங்களைப் பாருங்கள். படியின் கீழே பூச்சாடி. மேலிருந்து தொங்கும் பளிங்குருண்டை. கைப்பிடியைச் சுற்றிப் பச்சைக்கொடி, அல்லது பச்சைப் பட்டுநாடா. உச்சியில் ஒரு விளக்கு. இவற்றுள் விளக்கு ஒன்றுதான் உருப்படியானது. அதுவும் 'ச்சி'க்காக அல்ல, கண்ணுக்காக. மற்றவை வெறும் வீண்செலவு என்று சிரித்துவிட்டுப் போகவும் முடியாது. கைப்பிடி என்பது கையால் பற்றுவதற்காக இருப்பது. அதன்மேல் பிளாஸ்டிக் கொடியைச் சுற்றினால் பற்றுவதற்கு எது மிஞ்சும்?

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த வீடொன்றில் இது நடந்தது. ஆலோசகருக்குக் கட்டணம் கொடுத்து, அவர் சொன்னபடியே கொடியைச் சுற்றினார்கள். எழுபது வயதைக் கடந்த தாயார் ஒரு மாலை இறங்கும்போது தடுமாறி, கைப்பிடியைப் பற்றினார். கொடிதான் கையோடு வந்தது. இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கை. நான் பார்க்கப் போனபோது வீட்டார் சொன்னது என்ன தெரியுமா? 'அவர் அப்பவே சொன்னவர், இந்தப் படி கூடாதெண்டு.' விழுத்தியது கொடி, புகழ் ஆலோசகருக்கு! அடுத்த பரிகாரத்துக்கும் அவரையே அழைத்திருந்தார்கள்.

இந்த வியாபாரத்தின் பலமே இதுதான். சுழல் படியில் ஏறும் எவருக்கும் உள்ளூர ஓர் அச்சம் இருக்கிறது. தலை சுற்றுமோ, கால் வழுக்குமோ, குழந்தை இடைவெளியால் விழுந்துவிடுமோ என்ற அச்சம். அது நியாயமான அச்சம். அதை அளவுநாடாவிடம் அனுப்பாமல் விதியிடம் அனுப்பிவைப்பதே நிபுணரின் வேலை. பின்னர் அச்சம் அப்படியே இருக்கும். காசு மட்டும் கைமாறியிருக்கும். நமது பத்திரிகைகளும் இதற்கு உடந்தை. 'உங்கள் படிக்கட்டு அதிர்ஷ்டம் தருமா?' என்று அரைப்பக்கம் ஒதுக்கும் ஆசிரியர்கள், மிதிபடியின் ஆழம் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று ஒரு பெட்டிச் செய்தியாவது போடுகிறார்களா? அதற்கு விளம்பரதாரர் கிடையாது என்பார்கள்.

சுழல் படியை அகற்ற இடமும் பணமும் இருப்பவர்கள் தாராளமாக அகற்றட்டும். இல்லாதவர்கள் வீட்டைச் சபிக்கப்பட்டதாக எண்ணி உறக்கம் கெட வேண்டியதில்லை. வெளிப்புறக் கைப்பிடி மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் இருக்கட்டும். வெளிப்பக்கமாகவே ஏறி இறங்குங்கள். மிதிபடியின் விளிம்பில் வழுக்காத பட்டி ஒட்டுங்கள். குழந்தைகள் இருந்தால் கம்பிகளுக்கிடையே 4 அங்குலத்துக்கு மேல் வெளி விடாதீர்கள். மின்விளக்கின் ஆளி மேலும் கீழும் இருக்கட்டும். முதியோரின் கட்டிலைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள், அதற்காக வரவேற்பறையை இழக்க நேர்ந்தாலும். கைப்பிடியில் கொடி சுற்றியிருப்பவர்கள் இன்று இரவு விளக்கணைக்கும் முன்னரே அதை அவிழ்த்துவிடுங்கள்.