சேந்தன் அமுதனுக்கு நியாயம் வேண்டும்

'பொன்னியின் செல்வன்' படம் வந்து போய் இத்தனை நாள் கழித்து என்ன பேச்சு என்பீர்கள். பேச வேண்டியதை நாம் பேசவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கருணாபுரம் டீக்கடையில் எல்லாக் குறையும் அலசினோம். நெற்றியில் திருநீறு எங்கே என்றார் ஒருவர். நம் திருக்கோவிலூர் மலையமானுக்கு இன்னும் நாலு காட்சி வைத்திருக்கலாம் என்றார் இன்னொருவர். எனக்கு அவை பெரிதல்ல. ஐந்து பாக நாவலை ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல வந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும். முதல் படத்துக்குக் கிடைத்த நான்கு தேசிய விருதுகளும் தகும். ரவி வர்மனின் ஒளிப்பதிவு ஒன்றே போதும்.

ஆனால் முடிவை மாற்றலாமா?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பள்ளியில் துய்மா; வீட்டில், 1950 முதல் 1954 வரை வந்த தொடரைக் கிழித்து அம்மா தைத்து வைத்திருந்த கல்கி. துய்மாவிடம் வாள்வீச்சு ஏராளம். பூக்கூடை சுமந்தவன் தலையில் மகுடம் ஏறியதைக் கல்கியிடம்தான் படித்தேன்.

ஊமைத் தாயோடு தஞ்சைக் குடிசையில் வளர்ந்து, கோயிலுக்குப் பூமாலை கட்டிய சேந்தன் அமுதன்தான் கண்டராதித்தரின் மகன். அரசு வேண்டாம் என்றவன். அருள்மொழிவர்மர் தம் மகுடத்தை அவனுக்குச் சூட்டுகிறார். கோடிக்கரையில் ஓடம் விட்ட பூங்குழலி பட்டத்தரசி ஆகிறாள். 'தியாக சிகரம்' என்ற பெயருக்கே பொருள் அங்கேதான் இருக்கிறது. படத்திலோ, அரியணைக்காகச் சதி செய்த மதுராந்தகருக்கே மகுடம் போகிறது. அமுதன் ஓரமாக வந்து போகிறான்.

"வரலாற்றில் அமுதன் இல்லையே" என்பார்கள். நந்தினி மட்டும் கல்வெட்டிலா இருக்கிறாள்? அவளும் கல்கியின் கற்பனைதானே! அரண்மனைக் கற்பனைக்கு இடம் உண்டு, குடிசைக் கற்பனைக்கு இல்லையா?

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலைப் படமாக்கிய பீட்டர் ஜாக்சன், டாம் பாம்படில் என்ற பாத்திரத்தையே நீக்கினார். கதை குலையவில்லை, மூன்றாம் படம் 11 ஆஸ்கர் வாங்கியது. ஆனால் சாம் என்ற தோட்டக்காரனை அவர் கைவிடவில்லை. கடைசிக் காட்சியே அவன் வீட்டு வாசலில்தான் முடிகிறது. எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்பது இதுதான்.

படம் பார்த்த என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, அந்தப் படகோட்டி அக்கா அப்புறம் என்ன ஆனாங்க?"

ஐந்தாம் பாகத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் நீங்களும் இறக்குங்கள்.