ஈ மட்டுமா குற்றவாளி?

சப்போட்டா மரத்தின் பாலைக் காய்ச்சித்தான் ஒரு காலத்தில் சூயிங் கம் செய்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மெக்சிகோவின் யுகடான் காடுகளில் மாதக்கணக்கில் தங்கி, மரத்தைக் கீறிப் பால் இறக்கியவர்கள் கூலித் தொழிலாளர்கள். அமெரிக்கச் சீமான்கள் மென்று துப்பினார்கள். இங்கே தொழிலாளர் பலருடைய காது மடலைப் புண் அரித்தது. வைத்தியர்கள் அதற்கு 'சிக்லேரோ புண்', அதாவது பால் இறக்குபவன் புண் என்றே பெயர் வைத்தார்கள்!

புண்ணைப் பரப்புவது மணல் ஈ. கொசுவில் மூன்றில் ஒரு பங்கே இருக்கும். இரவில் கடித்து, லீஷ்மேனியா என்ற கிருமியை உடம்பில் ஏற்றும். சாதாரணக் கொசுவலையின் கண்ணிலும் நுழைந்துவிடும். காட்டில் திறந்த வெளியில் படுப்பவன் யார்? முதலாளியா?

இன்றும் ஆண்டுக்கு 6 லட்சம் முதல் 10 லட்சம் பேரை இந்தத் தோல் வியாதி தாக்குவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 1912-இல் பிரேசில் வைத்தியர் காஸ்பார் வியன்னா ஆன்டிமனி மருந்தால் இதைக் குணப்படுத்திக் காட்டினார். நூறாண்டு கடந்தும் பல நாடுகளில் ஆன்டிமனி ஊசிதான் முக்கிய சிகிச்சை, வலியும் அதிகம். ஏழையின் புண்ணில் லாபம் இல்லை; அதனால் மருந்துக் கம்பெனிகளுக்கு அவசரமும் இல்லை!

ஈயை மட்டும் பழித்துப் பயனில்லை. காட்டுக்கு ஆள் அனுப்புகிறவன் மருந்து தோய்த்த நெருக்கமான வலையும் தங்குமிடமும் தரட்டும். மருந்து ஆராய்ச்சியைச் சர்க்கார்கள் ஏற்று நடத்தட்டும். வேலையில் வந்த வியாதிக்கு வைத்தியமும் நஷ்டஈடும் கேட்பது பிச்சையல்ல. உழைப்பாளியின் உரிமை என்கிறோம் நாம்.