மிளகும் மிளகாயும்

ஆனைகட்டி, தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் எல்லையில் அமைந்த மலையூர். இரு மொழிகளும் அங்கே ஒரே தெருவில் நடமாடும். அவ்வூர் மாணவி ஒருத்தியிடம், இரசம் வைப்பதற்கு மிளகு வாங்கி வருமாறு தாயார் சொன்னார். கேரளப் பக்கத்துக் கடையில் அவள் 'மிளகு' கேட்டாள். கடைக்காரர் சிவந்த மிளகாய் வற்றலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இதனைக் கேட்டு வகுப்பே சிரித்தது.

கடைக்காரர் தவறு செய்யவில்லை. மலையாளத்தில் 'முளகு' என்றால் மிளகாய். மிளகுக்குக் 'குருமுளகு' என்று பெயர். இக்குழப்பத்தின் வேர் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது.

மிளகு நம் மலைகளில் விளைந்த பழம்பொருள். சங்க காலத்திலேயே முசிறித் துறையிலிருந்து யவனர் அதனை மரக்கலங்களில் ஏற்றிச் சென்றனர். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவிற்கு வந்தது. புதிதாக வந்த காய்க்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. மிளகைப் போல் காரமுடைய காய் என்பதால் தமிழர் அதனை 'மிளகாய்' என்றனர். மலையாள மொழி, பழைய பெயரைப் புதிய காய்க்குத் தந்துவிட்டு, பழைய பொருளுக்கு அடைமொழி சேர்த்தது. இரண்டும் அழகிய வழிகளே. ஒன்றைக் கண்டு மற்றொன்று நகைப்பது முறையன்று.

உலர்ந்த மிளகாய்க்குத் தமிழிலேயே பெயர்கள் பல. கோவையில் அது வரமிளகாய்; தென்மாவட்டங்களில் மிளகாய் வற்றல்; யாழ்ப்பாணத்தில் செத்தல் மிளகாய். கடல் கடந்து வந்த அக்காய், இன்று நம் மண்ணின் அடையாளமாகவே ஆகிவிட்டது. உருண்டையாக விளையும் இராமநாதபுரம் முண்டு மிளகாய், 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

"பொருள் கிடைத்தால் போதாதா? எந்தச் சொல்லால் கேட்டால் என்ன?" என்று நீங்கள் வினவலாம். கடையில் கடைக்காரருக்கு விளங்கும் சொல்லையே சொல்லுங்கள். அது வாழும் ஊருக்கு நாம் செய்யும் மரியாதை. ஆனால், வீட்டில் எல்லாவற்றையும் 'சில்லி', 'பெப்பர்' என்றே சொல்லிப் பழகினால், மிளகாய்க்குள் மிளகு இருப்பது உங்கள் கண்ணில் படாமலே போய்விடும். ஒரு சொல் மறையும்போது, அதனுள் நம் முன்னோர் வைத்துச் சென்ற நினைவும் உடன் மறைகிறது.

ஆகவே, வாழும் ஊரின் மொழியை விரும்பிக் கற்றுக்கொள்ளுங்கள். தாய்மொழிச் சொல்லையும் கைவிடாதீர்கள். இரண்டும் அறிந்த பிள்ளையின் பையில் மிளகும் இருக்கும்; மிளகாயும் இருக்கும்.

சிந்தித்து எழுதுக: உங்கள் வீட்டில் உலர்ந்த மிளகாயை எப்பெயரால் அழைக்கின்றனர்? நீங்கள் வாழும் ஊரில் அதன் பெயர் யாது?