வெட்டினாத்தான் பாயிண்ட்டா?

பகடை உருட்டி வேஷம் கட்டி ஆடுற மக்களே, குகையில பூதத்தைக் கண்டதும் ஏன் எல்லாரும் கத்தியை உருவுறீங்க? கேட்டா "ஆட்டமே அப்படித்தான்"ங்கிறது. அட போங்கப்பா! 1974-ல வந்த டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்லயே, எதிர்ல வர்றவன் மனசு எப்படின்னு பாக்க ரெண்டு பகடை உருட்டணும். பொன் கிடைச்சாலும் பாயிண்ட் உண்டு; வெட்டித்தான் எடுக்கணும்னு இல்ல. ஆட்டம் நடத்துறவர் அதையெல்லாம் தூக்கிப்போட்டுட்டு பொணத்துக்கு மட்டும் பாயிண்ட் குடுத்தா, எவன் வாயைத் திறப்பான்?

நம்ம மதுரையில வருஷாவருஷம் சித்திரைத் திருவிழாவுல திக்விஜயம் பாக்குறோமே. எட்டுத் திக்கும் ஜெயிச்ச மீனாட்சி சிவன் முன்னாடி வில்லை இறக்குறா, மறுநாள் திருக்கல்யாணம். அங்கயும் வெட்டுக்குத்துன்னா மொய் எழுத நாம எங்க போறது?

ஆட்டம் நடத்துற அண்ணாச்சிகளா, அடுத்த வாட்டி பூதம் பேசியே வழிவிட்டாலும் முழுப் பாயிண்ட்டைக் குடுங்க. கத்தி தானா உறைக்குள்ள போகுதா இல்லையான்னு பாருங்க.