நாம் பருகும் நீரின் கரையில்



விடுமுறை வந்துவிட்டால் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் விரைகின்றோம். அங்கும் நெரிசல், அங்கும் இரைச்சல். அமைதியை நாடுவோருக்குக் கோவை மாவட்டத்திலேயே ஓரிடம் உண்டு. காரமடையிலிருந்து வெள்ளியங்காடு வழியே மலைச்சாலையில் சென்றால், பவானியாற்றின் குறுக்கே கட்டப்பட்ட பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தை அடையலாம். அதன் கரையிலுள்ள பரளிக்காட்டில், முன்பதிவு செய்தோரை வனத்துறை பரிசலில் அழைத்துச் செல்கின்றது. பரிசல் வலிப்போரும் நண்பகல் உணவு சமைப்போரும் அப்பகுதியின் பழங்குடி மக்களே. அருகிலுள்ள பூச்சமரத்தூரில், கானகம் சூழ்ந்த ஆற்றங்கரையில், தங்குவதற்குக் குடில்களும் அமைக்கப்பட்டுள்ளன.

சற்றே சிந்தியுங்கள். கோவை மாநகர இல்லங்களுக்கு வரும் குடிநீரில் ஒரு பகுதி இந்தப் பில்லூர் நீரே! அக்கரையில் நாம் செய்யும் அசுத்தம் நம் வீட்டுக் குவளையை நோக்கியே வருகின்றது. நாம் எழுப்பும் ஆரவாரம், நீரருந்த வரும் யானைகளை விரட்டுகின்றது. நாம் செலுத்தும் கட்டணம் பரிசலுக்கும் உணவுக்கும் உரியது, கானகத்திற்கு விலையாகாது.

நீரும் காடும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பிள்ளைகளிடம் இதனை எடுத்துச் சொல்லி, அதன் பின்னர் அழைத்துச் செல்லுங்கள்.